திக்கலும் தாவலும்

ஜூன் 9, திங்கள்

புது வேலை கொடுத்திருக்கிறார்கள். ஒன்பது வருஷமாக இந்தக் கம்பெனியில் வெளிநாட்டுக்காரர்கள் செய்த கம்ப்யூட்டர் விளையாட்டுகளை விளையாடிப் பார்த்து, எங்கே தப்பு இருக்கிறது என்று எழுதிக் கொடுக்கிறேன். ஊரில், கோபியில், இருக்கும் அம்மா இன்னமும் "வெளையாடறதுக்கா கண்ணு உனக்குச் சம்பளம் தர்றாங்க" என்றுதான் கேட்கிறாள்.

இந்த முறை ஒரு பழைய கார் பந்தய விளையாட்டு. இதுவரை ஐகானை அழுத்தினால் நேராகத் திறக்கும். இனிமேல் லாஞ்சர் என்று இன்னொரு மென்பொருள் முதலில் திறக்குமாம். அதில் பெயரும் பாஸ்வேர்டும் கொடுக்க வேண்டும். அது அப்டேட் தேடும், விளம்பரம் காட்டும், அதற்குப் பிறகுதான் விளையாட்டைத் திறந்துவிடும். பந்தயம் ஓடும்போதும் பின்னால் உட்கார்ந்து எதையாவது செய்துகொண்டே இருக்கும். எப்போதோ காசு கொடுத்து வாங்கியவர்களுக்கும் இதே கட்டாயம். லாஞ்சர் இல்லாமல் வண்டி கிளம்பாது.

பழைய கம்ப்யூட்டர்களில் இதனால் வேகம் குறைகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. குறையவில்லை என்று நாங்கள் சொல்வோம் என்றுதான் விளையாட்டைச் செய்த கிளையண்ட் எதிர்பார்க்கிறான். டீம் லீட் ஜெரோம் சிரித்துக்கொண்டே, "வினோ, உங்க கண்ணுல படாம எதுவும் தப்பிக்காது, அதனாலதான் உங்ககிட்ட தர்றேன்" என்றார். என்னோடு ஃபர்ஹானாவையும் போட்டிருக்கிறார். சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, ஆனால் கெட்டிக்காரி.

மகள் மித்ராவின் ஷூவுக்கு வெள்ளை பாலிஷ் வாங்க மறந்துவிட்டேன். நாளைக்கு வாங்கணும்.

ஜூன் 11, புதன்

முதலில் லாஞ்சர் இல்லாத பழைய பதிப்பு. வெண்ணெய் மாதிரி ஓடியது. நொடிக்கு அறுபது படம் காட்ட வேண்டும், அறுபதும் வந்தது. பிறகு லாஞ்சரோடு. பத்து நிமிஷத்திலேயே தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை படம் லேசாகத் திக்குகிறது. பேச ஆரம்பிக்கும் குழந்தை வார்த்தைக்கு நடுவில் நிற்குமே, அந்த மாதிரி. இதற்குத் திக்கல் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

அதைவிடப் பெரியது ஒன்றும் உண்டு. மலைப்பாதையில் மூன்றாவது வளைவுக்குள் நுழைந்துகொண்டிருந்தேன். அடுத்துப் பார்த்தால் கார் சுவரில் முட்டி நிற்கிறது. நடுவில் ஒன்றுமே இல்லை. பந்தயக் கடிகாரம்கூட முன்னால் போயிருந்தது. அவ்வளவு நேரம் திரையில் படமே வரவில்லை. இதற்குத் தாவல் என்று பெயர்.

"உனக்குத் தாவுச்சா?" என்று ஃபர்ஹானாவைக் கேட்டேன்.

"திக்கல் வருதுக்கா. தாவல் எனக்கு வரல."

அவள் மெஷின் என்னுடையதைவிடக் கொஞ்சம் புதிது. அதனால் இருக்கும்.

வீட்டில் பால் பொங்கி அடுப்பெல்லாம் ஊற்றிவிட்டது. பக்கத்திலேயேதான் நின்றிருந்தேன். வேலை நினைப்பு.

ஜூன் 13, வெள்ளி

இன்றைக்கும் தாவல். இரண்டு.

ஜூன் 16, திங்கள்

ஜெரோமிடம் காட்டினேன். ஒவ்வொரு நொடியும் எத்தனை படம் வந்தது என்று தானாகப் பதிந்துகொள்ளும் லாக் ஒன்று பின்னால் ஓடும். அதைக் கோடாக வரைந்து பார்த்தோம். திக்கல் வந்த இடத்திலெல்லாம் கோடு விழுந்திருக்கிறது. தாவல் வந்த இடத்தில் நேராகப் போகிறது.

"லாக்ல ஒண்ணுமே இல்லையே வினோ?"

"லாஞ்சர் அந்த லாக்கையும் சேத்து நிறுத்துது சார். எல்லாமே நின்னு போனா யாரு பதிவு பண்றது?"

ஃபர்ஹானா கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி நின்றிருந்தால் கோட்டில் ஒரு இடைவெளியாவது இருக்க வேண்டுமே என்று அவள் நினைத்திருப்பாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

"நீங்க சொன்னா சரிதான்" என்றார் ஜெரோம். அறிக்கையின் முதல் வரியே தாவல்தான். பல நொடிகள் திரை உறைகிறது, கார் மோதுகிறது, விளையாட முடியாத நிலை. திக்கலை இரண்டாவதாகப் போட்டோம். சாயங்காலமே கிளையண்டுக்குப் போய்விட்டது.

ஒரு பெரிய தப்பைப் பிடித்த நாளில் எனக்குப் பசி எடுக்கும். வரும் வழியில் பன் பட்டர் ஜாம் சாப்பிட்டேன்.

ஜூன் 18, புதன்

காலையில் வீட்டுக்காரர் பூபதிக்கும் எனக்கும் சின்ன மனஸ்தாபம். அவர் பம்ப் கம்பெனியில் முதல் ஷிஃப்ட், ஏழு மணிக்குள் கிளம்ப வேண்டும். மித்ராவின் ஸ்கூல் மீட்டிங்குக்கு யார் போவது என்று கேட்டாராம். நான் பதிலே சொல்லவில்லையாம்.

"மூணு வாட்டி கேட்டாச்சு. கண்ணத் தொறந்து வெச்சுட்டே தூங்குவியா?"

"காதுல விழலைங்க. மிக்ஸி ஓடிட்டு இருந்துச்சு."

"மிக்ஸி எங்க ஓடுச்சு?"

சட்னி அரைத்துவிட்டிருந்தேன். ஜாரே கழுவி வைத்திருந்தது. எனக்கு முந்தைய நிமிஷம் அரைத்த மாதிரிதான் இருந்தது. தூக்கம் போதவில்லை. அவருக்கு எல்லாவற்றையும் பெரிதாக்கிப் பேச வேண்டும்.

ஜூன் 20, வெள்ளி

கிளையண்டிடமிருந்து பதில். திக்கலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தாவலை மட்டும் பிடித்துக்கொண்டான். அவர்கள் ஆட்கள் எத்தனை முறை ஓட்டிப் பார்த்தும் வரவில்லையாம். வீடியோ வேண்டுமாம்.

ஜெரோம் ஃபர்ஹானாவை என் மெஷினில் உட்கார வைத்தார். காலையிலிருந்து மதியச் சாப்பாடு வரை ஓட்டினாள். திக்கல் நிறைய வந்தது. தாவல் வரவில்லை. அவள் எழுந்ததும் நான் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டது.

"பாத்தியா?" என்று திரும்பினேன். அவள் தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள்.

ஜூன் 24, செவ்வாய்

இன்றைக்கு எழுதவே கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

மித்ராவை ஸ்கூலில் விடக் கிளம்பினோம். பின்னால் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே வந்தாள். கணபதி ஏரியாவில் பெட்ரோல் பங்க் தாண்டியதும் ஸ்கூட்டரில் ஆக்ஸிலரேட்டர் மாட்டிக்கொண்டது. ஓரமாக நின்ற ஆட்டோவின் பின்னால் போய் இடித்துவிட்டேன். வேகம் இல்லை. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. மித்ராவுக்கு முட்டியில் தோல் உரிந்து சாக்ஸ் முழுக்க ரத்தம். ஆட்டோக்காரர் நல்ல மனுஷன். "பாப்பாவப் பாருங்க மொதல்ல" என்று அவரே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார்.

மித்ரா அழவில்லை. "அம்மா, நான் கூப்ட்டேன். ஆட்டோ ஆட்டோன்னு சொன்னேன். நீ பேசவேயில்ல" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

வண்டியை மெக்கானிக்கிடம் விட்டேன். கேபிளைக் கழற்றி, மாட்டி, ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஆக்ஸிலரேட்டர்ல ஒண்ணும் இல்லைங்க்கா, நல்லாத்தான் இருக்குது" என்றான். வேறு கேபிள் போடச் சொன்னேன். வேண்டியதில்லை என்றான். போடுங்க என்றேன்.

பூபதியிடம் நாய் குறுக்கே வந்தது என்று சொன்னேன். ஏதாவது ஒன்று சொல்லணுமே.

ஜூன் 25, புதன்

வண்டிச் சாவியை எடுத்ததும் மித்ரா வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு ஏற மாட்டேன் என்றாள். பூபதி லேட்டாகப் போகிறேன் என்று சொல்லி அவளைக் கொண்டுபோய் விட்டார். ஒரு வாரம் போனால் பயம் தெளிந்துவிடும். நான் வண்டியில்தான் ஆபீஸ் போனேன்.

ஜூன் 27, வெள்ளி

வீடியோ எடுத்தேன். திரையில் வருவதை அப்படியே பதியும் மென்பொருளைப் போட்டுக்கொண்டு மலைப்பாதையை ஓட்டினேன். வந்தது. இந்த முறை பாலத்தின் மேல். நல்ல நீளமான தாவல். மாட்டிக்கொண்டாய் என்று நினைத்து வீடியோவைத் திறந்தேன்.

வீடியோவில் தாவல் இல்லை.

கார் பாலத்தில் ஏறுகிறது. சாலை வளைகிறது. கார் வளையவில்லை. அதே வேகத்தில் நேராகப் போகிறது. மரங்கள் ஒழுங்காக வந்து ஒழுங்காகப் போகின்றன, கடிகாரம் ஒவ்வொரு நொடியாக ஓடுகிறது. கார் தடுப்பில் மோதி, உரசி, நின்று, நின்ற இடத்திலேயே டயர் சுற்றிக்கொண்டிருக்கிறது. ரொம்ப நேரம் சுற்றுகிறது. ஓட்டுகிறவர் எழுந்து போய்விட்ட மாதிரி. பிறகு திடீரென்று ரிவர்ஸ் எடுக்கிறது. அந்த ரிவர்ஸ் எடுத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பதியும் மென்பொருளிலும் ஏதோ கோளாறு. இல்லாத படங்களை அதுவாக இட்டு நிரப்பியிருக்கும். சில மென்பொருள் அப்படிச் செய்யும்.

அழித்துவிட்டேன். இப்படி ஒரு வீடியோவை அனுப்பினால் குழப்பம்தான். திங்கட்கிழமை வேறு மென்பொருளில் எடுக்கலாம். நாற்காலியைத் திருப்பினால் ஃபர்ஹானா பின்னால் நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை.

ஜூன் 30, திங்கள்

காலையிலேயே ஃபர்ஹானா தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் போட்டாள். "நீங்க ஓட்டுங்கக்கா, நான் பாக்கறேன்" என்றாள். ஜெரோம் சொன்னாரா என்றேன். இல்லை என்றாள்.

ஓட்டினேன். டீ வரும் நேரத்துக்குத் தாவல் வந்தது. சந்தோஷமாகவே இருந்தது எனக்கு.

"இப்ப பாத்தியா? இப்ப தாவுச்சா இல்லையா?"

அவள் திரையைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, கேம் நிக்கல."

"என்ன?"

"கேம் ஓடிட்டேதான் இருந்துச்சு. நீங்கதான் நின்னுட்டீங்க." "கண்ணு தொறந்தே இருந்துச்சு. வாய மட்டும் எதையோ மெல்ற மாதிரி அசச்சுட்டு இருந்தீங்க. ஒரு கை கன்ட்ரோலர அப்படியே அமுக்கிப் புடிச்சிருந்துச்சு. இன்னொரு கை துப்பட்டா நூலப் பிச்சுட்டு இருந்துச்சு. அக்கான்னு கூப்ட்டேன். தோளத் தொட்டேன். உங்களுக்குத் தெரியல."

மடியைப் பார்த்தேன். துப்பட்டாவின் ஓரத்தில் நூல் பிரிந்து கிடந்தது.

"வெள்ளிக்கிழமை வீடியோவுலயும் இதுதானக்கா? அதனாலதான அழிச்சீங்க?"

அதற்கப்புறம் நான் பேசியதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. என் சீட்டுக்கு ஆசைப்படுகிறாயா என்று கேட்டேன். அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டேன். அவள் நாற்காலியை இழுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள். சக்கரம் தரையில் கிறீச்சிட்ட சத்தம் மட்டும்தான்.

ஜூலை 1, செவ்வாய்

அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். அதையும் இதையும் பேசிவிட்டு, "சின்ன வயசுல எனக்கு ஏதாச்சும் வந்துச்சாம்மா?" என்று கேட்டேன்.

"எதாச்சும்னா?"

"ஃபிட்ஸ் மாதிரி."

பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அதை அணைத்தாள்.

"ஒன்னர வயசுல, நல்ல காய்ச்சல்ல, ஒருக்கா வந்துச்சு. அதுக்கப்பறம் வரவேயில்ல. எதுக்கு கண்ணு இப்பக் கேக்கற?"

"சும்மாதான்."

"மாப்பளகிட்ட சொல்லீறாத. அவங்கூட்டு ஆளுகளுக்குத் தெரிஞ்சா சொல்லாமக் கட்டி வெச்சுட்டாங்கம்பாங்க. பொட்டப்புள்ளய வேற வெச்சிருக்கற. நாளைக்கு அதுக்கும் பேச்சாகும்."

சரிம்மா என்றேன்.

ஃபர்ஹானா இன்றைக்கு மதியம் தனியாகச் சாப்பிட்டாள்.

ஜூலை 2, புதன்

பஸ்ஸில் ஆபீஸ் போனேன். பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்று பூபதியிடம் சொன்னேன்.

ஜூலை 4, வெள்ளி

மதியம் கிளையண்டோடு வீடியோ கால். அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் நாங்கள் மூவர். பேசியவன் மரியாதையாகத்தான் பேசினான். அறிக்கையின் முதல் வரியே நிரூபிக்க முடியாத ஒன்று, அதனால் மற்ற வரிகளையும் நம்புவதற்கில்லை, மொத்தத்தையும் திரும்பப் பெற்றுக்கொண்டு லாஞ்சரால் பாதிப்பு இல்லை என்று எழுதிக் கொடுங்கள் என்றான்.

ஜெரோம் மைக்கை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "வீடியோ எடுத்தீங்கல்ல வினோ? அதக் காட்டிட்டா முடிஞ்சுது."

ஃபர்ஹானா மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"திங்கக்கெழமை சொல்றேன் சார்" என்றேன். ஜெரோம் அப்படி என்னைப் பார்த்ததே இல்லை. சந்தேகம் இல்லை அது. இரக்கமாக இருந்ததோ என்னவோ. அதுதான் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பூபதி சமையலறையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மித்ரா பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். முகம்கூடக் கழுவாமல் அவர் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தாவல், ஃபர்ஹானா பார்த்தது, அம்மா சொன்னது. அம்மா சொல்ல வேண்டாம் என்றதையும் சொன்னேன்.

அவர் உரிப்பதை நிறுத்தவில்லை. எல்லாம் முடிந்ததும், "அன்னைக்கு நாய் வந்துச்சுன்ன" என்றார்.

"நாய் வரலைங்க."

"பின்ன?"

"தெரியலைங்க. பங்க் தாண்டுனது ஞாபகம் இருக்குது. அப்பறம் ஆட்டோ முன்னாடி இருந்துச்சு."

கத்தியைக் கீழே வைத்தார். "புள்ள பின்னாடி உக்காந்திருந்தா வினோ."

"தெரியும்."

"தெரியாமப் போயி இடிச்சது கூடச் சரி. அதுல உன்ற தப்பு என்ன இருக்குது. அடுத்த நாளும் சாவிய எடுத்தியே? அவ கதவப் புடிச்சு அழுகலீன்னா கூட்டிட்டுத்தான போயிருப்ப?"

ஆமாம் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது. கூட்டிப் போயிருப்பேன்.

அவர் எழுந்து வெளியே போனார். ஸ்கூட்டர் சாவி தொங்கும் கொக்கியைக் கடந்து போகும்போது சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வெங்காயத்தை நான் உரித்து முடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து வாசலில் நின்றபடியே, "நாளைக்கு எட்டு மணிக்கு ரெடியா இரு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றார்.

ஜூலை 5, சனி

நரம்பு டாக்டர் ஒரு அம்மா. ரொம்ப மெதுவாகப் பேசினார். தலை முழுக்க ஒயர்களைப் பசை வைத்து ஒட்டிப் படுக்க வைத்தார்கள். பிறகு ஸ்கேன். சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

"இதுவும் வலிப்புதாம்மா" என்றார். "கை கால் வெட்டி இழுக்கணும்னு இல்ல. கொஞ்ச நேரம் வெறிச்சுப் பாத்துட்டு, கூப்ட்டா தெரியாம, அப்புறம் தானா சரியாகறது. மூளையில பழைய தழும்பு மாதிரி சின்னதா ஒண்ணு தெரியுது. எதனால வந்துச்சுன்னு உறுதியாச் சொல்ல முடியாது. மாத்திரையில கட்டுப்படுத்தலாம், ஆனா உடனே நிக்காது. வண்டி ஓட்டக்கூடாது. அடுப்புகிட்ட தனியா நிக்காதீங்க."

எப்போதிலிருந்து என்று கேட்டார். ஒரு மாசமாக, புது வேலை ஆரம்பித்ததிலிருந்து என்றேன்.

"இல்லைங்க" என்றார் பூபதி. "பொங்கல்ல இருந்தே இருக்குது."

நான் அவரைப் பார்த்தேன்.

"பொங்கலன்னைக்கு எங்கூட்ல எல்லாரும் உக்காந்திருந்தோம். எங்கம்மா ஏதோ கேட்டாங்க. இவ பதிலே சொல்லாம மொறச்சுப் பாத்துட்டே இருந்தா. எங்கம்மா மேல கோவத்துல இருக்கறான்னு நெனச்சுட்டேன். அதுக்கப்பறம் நாலஞ்சு வாட்டி பாத்திருக்கறேன். ஒவ்வொரு வாட்டியும் கோவம்னுதான் நெனச்சேன்." டாக்டரிடம்தான் சொன்னார். "நானும் கோவப்பட்டு ரெண்டு நாள் பேசாம இருந்திருக்கறேன்."

பொங்கலின்போது லாஞ்சரே இல்லை. அந்த விளையாட்டையே நான் பார்த்திருக்கவில்லை.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அவர் கை என் கைமேல் இருந்தது. ஆனாலும் நாய் இன்னும் எங்கள் நடுவில் இருக்கிறது.

ஜூலை 7, திங்கள்

ஜெரோமிடம் சொல்லிவிட்டேன். வீடியோவை அழித்ததையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"உடம்பப் பாத்துக்கங்க வினோ. அறிக்கைய மொத்தமா வாபஸ் வாங்கிரலாம். யாரும் உங்கள ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"திக்கல் இருக்கு சார்."

"அவன் அதையும் நம்ப மாட்டான் இப்ப."

"நான் நம்புறதோ அவன் நம்புறதோ வேண்டாம் சார். ஃபர்ஹானா ஓட்டட்டும். லாக் பதியட்டும். என்னோட கண்ணு இதுல வேண்டவே வேண்டாம்."

ஃபர்ஹானாவின் இடத்துக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். எல்லோர் முன்னாலும் திட்டியதால் எல்லோர் முன்னாலும்தான் கேட்டேன். "பரவால்லக்கா" என்றாள். கொஞ்சம் விட்டு, "ஆனா அன்னைக்கு நீங்க சொன்னது இன்னும் காதுலயே நிக்குது" என்றாள். நிற்கட்டும் என்று சொல்ல முடியுமா. தலையாட்டினேன். அவள் கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு என் மெஷினில் உட்கார்ந்தாள்.

ஜூலை 9, புதன்

மூன்று பழைய மெஷின்களிலும் ஓட்டி முடித்தாள். கோடுகளை நான் படித்தேன். சந்தேகமே இல்லை. லாஞ்சர் இல்லாமல் அறுபதில் நிற்கிற கோடு, லாஞ்சர் பின்னால் எதையோ தேடும்போதெல்லாம் நாற்பதுக்குக் கீழே விழுகிறது. லாஞ்சரைக் கட்டாயப்படுத்தி மூடிவிட்டால் விளையாட்டும் சேர்ந்து மூடிக்கொள்கிறது. மூன்று மெஷினிலும் அப்படித்தான். நான் பார்த்த திக்கல் எல்லாம் உண்மை. தாவல் மட்டும்தான் என்னுடையது.

பழைய அறிக்கையைத் திறந்து என் தாவல்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். எடுத்த இடத்தில் காரணம் எழுத வேண்டும். "சோதனைப் பிழைன்னு போட்டுருங்க, போதும்" என்றார் ஜெரோம். "உடம்பு விஷயத்த எழுதினா ஃபைல்ல ஏறிரும். நாளைக்கு வேற கம்பெனிக்குப் போனாலும் பின்னாடியே வரும்."

அவர் சொன்னது நல்லதற்குத்தான். ஆனால் பிழை என்று மட்டும் போட்டால், திக்கலும் பிழைதானே என்று அவன் கேட்பான். இவை சோதித்தவரின் உடல்நிலையால் வந்தவை, மென்பொருளால் வந்தவை அல்ல, மற்ற அளவுகளை வேறொருவர் மறுபடி எடுத்திருக்கிறார் என்று எழுதி என் பெயரைப் போட்டேன். ஃபர்ஹானா தன் பெயரைப் போட்டாள். அனுப்பு என்ற பட்டனை ஜெரோம்தான் அழுத்தினார்.

மாத்திரை நாக்கை மரக்கட்டையாக்குகிறது. காபி காபியாக இல்லை.

ஜூலை 14, திங்கள்

கிளையண்ட் பதில் போட்டான். தகவலுக்கு நன்றி. குறைந்த வேகம் ஏற்றுக்கொள்ளக்கூடிய எல்லைக்குள் இருக்கிறது. அறிவித்த தேதியில் லாஞ்சர் கட்டாயமாகும். பின்னால் வரும் அப்டேட்டில் பார்த்துக்கொள்கிறோம். சோதனையாளர் விரைவில் குணமடைய வாழ்த்துகள்.

அந்தக் கடைசி வரியை மட்டும் இன்னொரு முறை படித்தேன்.

"சொல்லியாச்சுல்லக்கா. எழுத்துல இருக்கு" என்றாள் ஃபர்ஹானா. அந்தச் சண்டைக்குப் பிறகு அவளாக வந்து பேசியது இதுதான் முதல் முறை.

இனி நான் விளையாட்டில் கை வைக்க வேண்டாம், கோடுகளைப் படிக்கும் வேலை போதும் என்று சொல்லிவிட்டார்கள். என் மெஷின் ஃபர்ஹானாவுக்கு. ஜன்னலோரம் மேஜை கொடுத்திருக்கிறார்கள். நல்ல காற்று வருகிறது. ஒன்பது வருஷம் கன்ட்ரோலர் பிடித்த கை, என்ன செய்வது என்று தெரியாமல் மவுஸ்மேல் கிடக்கிறது.

ஜூலை 17, வியாழன்

மித்ராவும் நானும் டவுன் பஸ்ஸில்தான் போகிறோம். கூட்டம். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கடை போர்டுகளைப் படித்துக்கொண்டே வருவாள். நடுநடுவில், "அம்மா" என்பாள். ம் என்றால், "ஒண்ணுமில்ல" என்று மறுபடி போர்டு படிப்பாள். இரண்டு நிறுத்தம் கழித்து, "அம்மா." "என்னம்மா?" "ஒண்ணுமில்ல."

இரண்டு நாளாக இப்படித்தான். விளையாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்றைக்கு இறங்கும்போது, "அம்மா, நீ நடுவுல கொஞ்ச நேரம் இல்ல" என்றாள். "கண்டக்டர் மாமா டிக்கெட் கேட்டாரு. நாந்தான் காசு குடுத்தேன்." கை நிறையச் சில்லறையை என்னிடம் நீட்டினாள்.

ஸ்கூல் கேட் வரைக்கும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு போகவில்லை. சாயங்காலம் பூபதியிடம் அப்படியே சொன்னேன், ஒன்றையும் மறைக்காமல். நாளையிலிருந்து ஷிஃப்ட் மாற்றிக்கொள்கிறேன் என்றார்.

ஜூலை 22, செவ்வாய்

லாஞ்சர் இன்று கட்டாயமானது. தமிழ்க்காரர்கள் விளையாட்டு பற்றிப் பேசும் குழு ஒன்று ஃபோனில் இருக்கிறது. அதில் பாதிப் பேர் திட்டிக்கொண்டிருந்தார்கள், பாதிப் பேர் புதுக் கம்ப்யூட்டர் வாங்குங்கள் என்று கேலி செய்துகொண்டிருந்தார்கள். தூத்துக்குடிக்காரர் ஒருவர் எழுதியிருந்தார்:

"நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சு. இன்னைக்கு லாஞ்சர் போட்டதுல இருந்து அப்பப்போ திக்குது. ஒரு செகண்டுகூட இருக்காது, ஆனா தெரியுது. எல்லாரும் உன் மனப்பிராந்தின்னு சொல்றாங்க. எனக்கு மட்டுந்தான் இப்படித் தெரியுதா?"

அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள்.

எனக்குத் தெரியும் என்று எழுத விரல் துடித்தது. வேலையில் பார்த்ததை வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். போன மாசமாக இருந்தால், நான் பார்த்தேன், சத்தியம் என்று எழுதியிருப்பேன். இப்போது, பார்த்தேன் என்று சொல்வதற்கே பயமாக இருக்கிறது.

மதியம் முழுக்க யோசித்துவிட்டு எழுதினேன். "நொடிக்கு எத்தனை படம் வருதுன்னு காட்டுற இலவச மென்பொருள் இருக்குங்க, அதப் போட்டு ஓட்டிப் பாருங்க. நம்பர் மட்டும் போதாது. பக்கத்துல ஒருத்தர உக்கார வெச்சுக்கங்க. நீங்க எதுவும் சொல்லாதீங்க. அவங்களுக்கும் அதே இடத்துல திக்குதான்னு பாக்கச் சொல்லுங்க."

ஜூலை 23, புதன்

பதில் வந்திருந்தது. படம் ஒன்றும் போட்டிருந்தார். கோடு கீழே விழுகிற இடங்களைச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டியிருக்கிறார்.

"ரொம்ப நன்றிங்க. என் தங்கச்சிய உக்கார வெச்சு ஓட்டினேன். நான் வாயே தொறக்கல. ஒவ்வொரு தடவையும் கரெக்டா அந்த இடத்துல அவளே, இப்ப திக்குச்சுல்லன்னு கேட்டா. நான் பாத்ததுதான் அவளும் பாத்திருக்கா. நல்லவேளை, எனக்குத்தான் ஏதோ ஆயிருச்சோன்னு பயந்துட்டே இருந்தேன்."

கொடுத்துவைத்த மனிதர்.